கொக்கோவின் உறவினரும் யாழ்ப்பாணத்து வேலியும்

கொக்கோ மரம் யாழ்ப்பாணத்தில் வளராது. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த மரத்துக்கு ஆண்டு முழுவதும் ஈரம் வேண்டும். தலைக்குமேல் நிழல் வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வறட்சியை அது தாங்காது. நமது குடாநாடோ சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லிய மண் போர்த்திய நிலம். ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரேயடியாகக் கொட்டி முடிந்துவிடும். மாசி பிறந்தால் கிணற்றை நம்பித்தான் வாழ்வு. இப்படிப்பட்ட மண்ணிலிருந்து கொக்கோ மரத்தைப் பற்றி ஓர் இலக்கிய உரையில் என்ன பேச இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். மரம் இங்கில்லை என்பது உண்மை. ஆனால் அதன் உறவினர் நம் வேலியில் நிற்கிறார்கள்; கோயில் நந்தவனத்திற் பூக்கிறார்கள்; கறிச்சட்டியிற் கொதிக்கிறார்கள்; நாம் கையில் எடுக்கும் நூலின் பெயரிலேயே இருக்கிறார்கள். அந்த உறவைத் தேடிச் சென்றால் யாழ்ப்பாணத்தின் சரித்திரம் ஒரு புதிய வழியால் நமக்குத் தெரியவருகிறது.

முதலில் உறவுமுறையைப் பார்ப்போம். பழைய தாவரவியற் புத்தகங்கள் கொக்கோவை ஒரு குடும்பத்திலும், இலவத்தையும் பெருக்குமரத்தையும் இன்னொரு குடும்பத்திலும், பருத்தி, பூவரசு, செவ்வரத்தை, வெண்டி ஆகியவற்றை வேறொரு குடும்பத்திலும் வைத்திருந்தன. 1998ஆம் ஆண்டில் மரபணுச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்டு பூக்குந் தாவரங்களின் புதிய வகுப்பு முறையொன்று வெளியானது. அதன்படி இவை எல்லாம் ஒரே பெருங்குடும்பத்துள் வந்து சேர்ந்தன. தனித்தனிக் குடிகளாக எண்ணப்பட்டவை ஒரு தாய்வழி வந்தவை என்று தெரிந்தது. ஆபிரிக்கரின் கோலாக் கொட்டையும், மலாய நாட்டுத் துரியன் பழமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆகவே பூவரசை நாம் கொக்கோவின் உறவு என்று சொல்வது கவிக்கூற்று அன்று. தாவரவியல் ஒப்புக்கொண்ட உண்மை.

கொக்கோவின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசன் மேற்பகுதி. இன்றைய எக்குவடோர் நாட்டின் தென்கிழக்கிற் கிடைத்த பழைய மட்பாண்டங்களில் கொக்கோவின் எச்சம் காணப்பட்டதாக 2018இல் ஆய்வாளர் அறிவித்தனர். அந்தப் பாண்டங்களின் காலம் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அங்கிருந்து வடக்கே மெக்சிக்கோ வரை சென்ற மரம், மாயர்களிடையிலும் அசுத்தெக்கர்களிடையிலும் பெருமதிப்புப் பெற்றது. அசுத்தெக்கரின் சந்தையில் அதன் விதையே காசாகப் புழங்கியது. சுவீடன் நாட்டு இலின்னேயசு 1753இல் அதற்குப் பெயர் சூட்டியபோது கிரேக்க மொழியிலிருந்து இரண்டு சொற்களை எடுத்து, தேவர்களின் உணவு என்று பொருள்படத் 'தியோபுரோமா' என்றார். நம்முடைய வழக்கிற் சொல்வதானால் அமுது.

இலங்கையில் இந்த அமுது பெருந்தோட்டப் பயிரானது ஒரு பேரழிவின் பின்னால்தான். 1869இல் கோப்பிச் செடிகளில் துரு நோய் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் படுத்துவிட்டன. தோட்டத்துரைமார் சிங்கோனாவை நட்டுப் பார்த்தனர்; தேயிலையை நட்டனர்; தாழ்ந்த, சூடான பள்ளத்தாக்குகளிற் கொக்கோவை நட்டனர். மாத்தளை, தும்பறை, கண்டி, குருநாகல் பகுதிகளில் அது வேரூன்றியது. அங்கே கொக்கோக் காய் பறித்தவர்களிலும், உடைத்துப் புளிக்கவைத்து உலர்த்தியவர்களிலும் தமிழ்த் தொழிலாளர் பலர். அவர்களுடைய முன்னோர் கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள். வழியிற் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டவர்கள் அநேகர். யாழ்ப்பாணத்துக்கு வந்துசேரும் ஒவ்வொரு கொக்கோக் குவளைக்குள்ளும் அந்த நடைவழியின் கதையும் கலந்திருக்கிறது. நமது இலக்கியத்தில் அந்தக் கதை போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். கொக்கோ நிழலில் வளரும் மரம் என்றேன். மத்திய அமெரிக்காவில் அதற்கு நிழல் தருவதற்காக நடப்படும் ஒரு மரத்தைக் கொக்கோவின் தாய் என்று அந்நாட்டார் அழைப்பர். அந்தத் தாய் வேறு யாருமில்லை. நம் வேலிகளில் வெளிர்சிவப்பாகப் பூத்து நிற்கும் சீமைக்கிளுவைதான். கிளிசரியா என்றும் சொல்லுவோம். அதன் தாவரவியற் பெயரின் பிற்பகுதிக்கு இலத்தீன் மொழியில் வேலிக்குரியது என்று பொருள். பிள்ளை வராத ஊருக்குத் தாய் மாத்திரம் வந்து குடியேறியிருக்கிறாள்.

இனி வேலிக்கே வருவோம். யாழ்ப்பாணத்து வேலிக்கு அரசன் பூவரசு. அரச மரத்தின் இலை போன்ற இலையும், அரசிடம் காணாத பெரிய பூவும் உடையதால் பூவரசு என்று பெயர் வந்தது என்பர். ஆங்கிலத்தில் இம்மரத்தைப் 'போர்சியா' என்கிறார்கள். சேக்சுப்பியரின் நாடகத் தலைவியை நினைத்து வைத்த பெயர் என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று. பூவரசு என்ற நம் சொல்தான் ஆங்கில நாவில் அவ்வாறு திரிந்தது என்று ஆங்கில அகராதிகளே கூறுகின்றன. கட்டுமரமும் கறியும் போல நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்களில் இதுவும் ஒன்று.

இலின்னேயசு 1753இல் கொக்கோவுக்குப் பெயரிட்ட அதே நூலிற் பூவரசையும் செவ்வரத்தை இனத்தில் வைத்துப் பதிந்தார். பின்னர் அதற்கு வேறு இனப்பெயர் வந்தது. கப்பற்றலைவர் குக்குடன் 1769இல் தாகித்தித் தீவுக்குச் சென்ற சோலந்தர் என்னும் தாவரவியலாளர், அத்தீவினர் தங்கள் வழிபாட்டிடங்களைச் சூழ இம்மரத்தை வளர்ப்பதைக் கண்டு, தெய்வத்தன்மை உடையது என்று பொருள்பட 'தெசுபீசியா' எனப் பெயரிட்டார். பாருங்கள், ஒன்று தேவர்களின் உணவு, மற்றது தெய்வத்தன்மை உடையது. பெயரிட்டவர்கள் வேறு, கடல்களும் வேறு. எனினும் உறவுமரங்கள் இரண்டும் தெய்வப் பெயரே பெற்றன.

பூவரசின் விதை கடல்நீரில் நெடுநாள் மிதந்து கரையேறி முளைக்கவல்லது. ஆகவே அது இந்துமாக் கடலின் கரையெல்லாம் தானாகவே பரவியது. உப்புக்காற்றும் சுண்ணக்கல்லும் அதற்குப் பகையல்ல. அதன் பூ காலையில் மஞ்சளாக விரிந்து, மாலையிற் செந்நீலம் பூண்டு வாடும். ஒரே பூவுக்குள் ஒரு பகற்பொழுதை அடக்கிய இம்மரத்தின் தடியை வெட்டி மாரிக்கு முன் நட்டால், அது தழைத்துவிடும். அப்படி நடும் தடிக்குக் கதியால் என்று பெயர். பூவரசங் கதியால், கிளுவங் கதியால், முள்முருக்கங் கதியால் என்று சொல்லும்போது ஒரு யாழ்ப்பாணத்தவனின் காதிற் கேட்பது வெறும் மரப்பெயர் அன்று. காணி, உறுதி, எல்லை, அயலவர் என்ற முழு உலகமும் அதனுள் அடங்கியிருக்கிறது.

வேலி எல்லை காட்டியதோடு நிற்கவில்லை. குடாநாட்டின் தோட்டச் செய்கைக்கு அதுவே பசளைக் களஞ்சியம். ஆண்டுதோறும் பூவரசங் குழையை வெட்டி, மண்ணைக் கிண்டி, பாத்தியிற் குழை தாழ்த்துவார்கள். செம்பாட்டு மண்ணில் விளைந்த புகையிலைக்கு அந்தக் குழையும் ஆட்டெருவும் மாட்டெருவும்தான் உரம். அந்தப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தைக்குத் தோணியேறியது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்துக்குப் பணம் கொண்டுவந்த முதன்மையான சரக்குகளில் அதுவும் ஒன்று. அந்தப் பணத்தாற் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள், கோயில்கள் திருப்பணி கண்டன. சரித்திர ஆசிரியர் புகையிலையின் வரியை எழுதுகிறார்; ஏற்றுமதியை எழுதுகிறார். அதன் வேருக்கடியில் உக்கிப்போன பூவரசங் குழையையும் எழுத வேண்டும். ஏனெனில் அது இல்லாமல் அந்தக் கணக்கு முழுமை பெறாது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, வண்டல் இல்லை. வேலியிலிருந்து வந்த இலைதான் நமது வண்டல்.

அந்த வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அடுத்த வீட்டுக்காரி கறிக்கு உப்புக் கேட்க வருவதும், பிள்ளைகள் விளையாட ஓடுவதும், மரணச் செய்தி முதலில் எட்டுவதும் அந்தப் பொட்டின் வழியாகத்தான். சண்டை வந்தால் பொட்டை அடைப்பார்கள். சமாதானம் வந்தால் திறப்பார்கள். கதியால் ஒரு முழம் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியவர்களும் நம்மவர்தாம். அதையும் மறைக்க வேண்டியதில்லை. வேலி நம்மைச் சேர்த்தும் வைத்தது, பிரித்தும் வைத்தது. சாதியின் எல்லையும் அந்த வேலியோரமாகவே ஓடியது.

அடுத்து, நூலின் பெயரிலேயே இருக்கும் உறவினர். பருத்தியைத்தான் சொல்லுகிறேன். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பருத்தி இழை, இன்றைய பாகிசுத்தானிலுள்ள மேர்கார் என்னும் இடத்தில், ஒரு செப்பு மணிக்குள் ஒட்டிக் கிடைத்தது. அவ்வளவு பழைய உறவு அது. சங்கப் பாடல்களிற் பருத்தி நூற்கும் பெண்கள் வருகிறார்கள். இவற்றினும் நமக்கு முக்கியமானது, தமிழன் தன் புத்தகத்துக்கு வைத்த பெயர். நூல் என்கிறோம், பனுவல் என்கிறோம். இரண்டும் பஞ்சிலிருந்து வந்த சொற்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பாயிரத்தில் இதை ஒரு முழு உருவகமாக விரித்திருக்கிறார். சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவளுடைய கை, அவன் அறிவு அவளுடைய கதிர். இவ்வாறு நூற்று முடிப்பதே நூல். நல்லூர் ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிப் பதிப்பித்த பின்னர் இந்தப் பாயிரம் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் மனப்பாடமாக ஒலித்தது. இன்றும் நான் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். 'கதிர்' என்ற சொல்லில் மாணவர் நிற்பார்கள். சூரியக் கதிரும் நெற்கதிரும் அவர்களுக்குத் தெரியும். நூற்கும் கதிர் தெரியாது. பருத்திக் காய் வெடித்ததைப் பார்த்தவர் யார் என்று கேட்டால், வகுப்பில் ஒரு கைகூட எழுவது அரிது. உவமை ஏட்டில் இருக்கிறது. உவமைக்குரிய பொருள் ஊரிலிருந்து போய்விட்டது. பொருள் போனபின் சொல் எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும் என்பது தமிழாசிரியனாகிய எனக்கு ஒவ்வொரு வருடமும் எழும் கேள்வி.

ஒருகாலத்தில் நிலைமை அப்படியில்லை. யாழ்ப்பாணத்தில் நெசவாளர் குடிகள் இருந்தன. மன்னாரிலும் நம் தீவுகளிலும் கிண்டியெடுத்த சாயவேர் பருத்தித் துணிக்குச் சிவப்பூட்டியது. அதன் வாணிகத்தை ஒல்லாந்தக் கும்பினி தன் கைக்குள் வைத்திருந்தது. பின்னர் இங்கிலாந்தின் ஆலைத் துணி வந்து தறியை மௌனமாக்கியது. பருத்தித்துறை என்ற பெயர் மாத்திரம் குடாநாட்டின் வடமுனையில் இன்றும் நிற்கிறது.

இலவத்தையும் விட்டுவிடக் கூடாது. இலவு காத்த கிளி என்ற பழமொழியை அறியாத தமிழர் இல்லை. காய் பழுக்கும் என்று காத்திருந்து பஞ்சு பறந்தபோது ஏமாந்த கிளி அது. தலையணைப் பஞ்சு தரும் இலவின் அமெரிக்க இனத்தை மாயர்கள் வானையும் மண்ணையும் பாதாளத்தையும் இணைக்கும் உலக மரமாக வணங்கினார்கள். அவர்கள் கொக்கோவைப் பருகியதும், இலவை வணங்கியதும் ஒரே நிலத்தில். நமக்கு இலவு ஏமாற்றத்தின் அடையாளமாயிற்று. ஒரே குடும்பத்து மரத்தில் இரண்டு நாகரிகங்கள் இரண்டு பொருளைக் கண்டன.

இனி, கடல் தாண்டி நெடுந்தீவுக்கு வாருங்கள். அங்கே உயிர்வேலிக்குப் பதிலாகப் பவளக்கல் அடுக்கிய வேலிகள். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரை அத்தீவுக்கு வைத்தார்கள், குதிரை வளர்த்தார்கள். அந்தத் தீவில் ஒரு பெருக்குமரம் நிற்கிறது. ஆள் உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய பொந்து அதன் அடிமரத்தில் உண்டு. மன்னாரில் இவ்வின மரங்கள் இன்னும் பல உண்டு. பள்ளிமுனையில் நிற்பது 1477இல் நடப்பட்டது என்று அங்கே சொல்லப்படுகிறது. அதன் சுற்றளவு 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர்தான். உயரத்தைவிடச் சுற்றளவு பெரிது. பெருக்கு என்ற பெயர் பொருந்தியது. தமிழகத்தில் ஆனைப்புளி என்றும் பப்பரப்புளி என்றும் பெயர்கள் வழங்குகின்றன. பப்பரம் என்பது பழைய அகராதிகளில் அயல்நாடொன்றின் பெயர். மரம் வெளியூரான் என்பதைத் தமிழ் தன் சொல்லுக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கிறது.

அதன் தாயகம் ஆபிரிக்கா. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டார்கள் என்பதே நம்மிடையே வழங்கும் கதை. அக்கதைக்குப் பின்னணி உண்டு. அராபியரும் மூர்களும் முத்துக்காகவும் சங்குக்காகவும் நம் கரைக்கு வந்தார்கள். 1344இல் இபின் பதூதா என்ற மொரோக்கோப் பயணி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாண அரசராகிய ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்திற் கண்டு பேசினார். அதே பயணி 1352இல் மேற்காபிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போகும் வழியில் மிகப்பெரிய மரங்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அவற்றுள் ஒன்றின் பொந்துக்குள் ஒரு நெசவாளன் தறி நிறுத்தி நெய்துகொண்டிருந்தானாம். அவை பெருக்குமரங்கள் என்பது அறிஞர் கருத்து. நமது அரசரைக் கண்ட கண்களே, நெடுந்தீவு மரத்தின் இனத்தையும் அதன் தாய்நாட்டிற் கண்டிருக்கின்றன.

எனினும் கதை இத்துடன் முடியவில்லை. 2015இல் வெளியான மரபணு ஆய்வொன்று ஆபிரிக்கப் பெருக்குமரங்களையும் இந்தியாவிலுள்ளவற்றையும் ஒப்பிட்டது. அவை ஒருமுறை அல்ல, நீண்ட காலத்திற் பலமுறை கொண்டுவரப்பட்டவை என்று அது கண்டது. இந்தியாவின் தென்கிழக்குப் பகுதி மரங்கள் மேற்காபிரிக்க மரங்களோடு சேர்ந்தன. அவை 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியரின் குடியேற்றத் தொடர்புகளால் வந்தவை என்பது ஆய்வாளரின் முடிவு. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலோ, சில இடங்களில் மரங்களின் மரபே கலந்து கிடந்தது. உள்நாட்டிலிருந்து மனிதரைப் பிடித்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்த அடிமை வாணிகத்தின் சுவடாக அது இருக்கலாம் என்றார்கள்.

இலங்கைக்கும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வழிவந்தோர் புத்தளம் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். எனவே பெருக்குமரத்தின் முன் நிற்கும்போது அராபிய வணிகனை மாத்திரம் நினைப்பது போதாது. கப்பலேற்றப்பட்ட ஆபிரிக்கனையும் நினைக்க வேண்டும். வணிகனுக்குப் பெயரும் ஊரும் சரித்திரத்தில் உண்டு. அடிமைக்கு அவை பறிக்கப்பட்டன. சரித்திரம் கற்போர் அந்த வேறுபாட்டை மறக்கலாகாது. இன்னொன்றும் காண்க: ஆபிரிக்க மரம் நம்மிடம் வந்தது, அமெரிக்கக் கொக்கோ ஆபிரிக்காவுக்குப் போனது. இன்று உலகக் கொக்கோவில் ஏறத்தாழப் பாதியை ஐவரிக் கோசுற்றும் கானாவும் தருகின்றன. அங்கேயும் காய் உடைப்பவன் ஏழை.

நம் வேலிக்குத் திரும்புவோம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் எழுந்து போனார்கள். ஆளில்லாத வளவில், வெட்டுவாரற்ற கதியால்கள் மரமாயின. 2009இல் யுத்தம் முடிந்தபின் உயர்பாதுகாப்பு வலயக் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது, உரியவர்கள் காட்டுக்குள் தங்கள் முற்றத்தைத் தேடினார்கள். வீடு இல்லை, படலை இல்லை. கிணறு ஒன்றும், வரிசையாக நின்ற பூவரச மரங்கள் சிலவும் இதுதான் எல்லை என்று காட்டிய காணிகளை நான் பார்த்திருக்கிறேன். மண்வாரி இயந்திரம் வேலியையும் தள்ளிவிட்ட இடங்களில் அந்தச் சாட்சியும் இல்லை. அங்கே சகோதரர்களே எல்லை தெரியாமல் நின்றார்கள்.

இப்போது வேலி இருந்த இடத்தில் மதில் எழுகிறது. மதிலைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. ஆண்டுதோறும் கிடுகு கட்டவும் கதியால் போடவும் ஆள் கிடைப்பதில்லை. இரண்டு தலைமுறை அச்சத்தோடு வாழ்ந்தவர்களுக்குச் சீமெந்துச் சுவர் ஆறுதல் தருகிறது. ஆனால் மதிலிற் குழை வெட்ட முடியாது. மதிலிற் பொட்டு வைக்க முடியாது. கதியால், பொட்டு, குழை தாழ்த்தல் என்ற சொற்கள், நன்னூலின் கதிரைப் போல, ஒருநாள் உரை வேண்டிய சொற்களாகிவிடும்.

பெருக்குமரத்துக்கும் காப்பு வேண்டும். ஆபிரிக்காவின் மிக முதிய 13 பெருக்குமரங்களில் 9 மரங்கள், 2005ஆம் ஆண்டுக்குப் பின் முழுதாகவோ பகுதியாகவோ வீழ்ந்துவிட்டன என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. பல நூற்றாண்டு நின்றது இனியும் நிற்கும் என்று வாளாவிருக்க முடியாது. நெடுந்தீவுக்குச் சுற்றுலாச் செல்வோர் அந்தப் பட்டையிற் பெயர் கீறாமல் இருந்தாலே பெரும் உதவி.

பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். வளவின் ஒரு பக்கத்தில் நாலு பூவரசங் கதியாலும், ஒரு பாத்தி பருத்தியும் நடுங்கள். பெரிய செலவில்லை. பருத்தி வெடிக்கும் நாளில் நன்னூற் பாயிரத்தை அந்தப் பாத்தியருகே நின்று படிப்பியுங்கள். பிள்ளை பஞ்சைக் கையில் எடுத்துத் திரித்துப் பார்க்கட்டும். இழை வரும். அந்த இழையைக் காட்டி, இதற்கும் நீ படிக்கும் புத்தகத்துக்கும் ஒரே பெயர் என்று சொன்னால் போதும்; பவணந்தியாருக்கு வேறு உரை வேண்டியதில்லை.